இரண்டாம் பிரதி

மிட்டாய்களின் காகிதத்தை உரித்துத்தான் சிறைக்குள் அனுப்ப வேண்டும். காகிதத்தின் உள்பக்கத்தில் யாராவது ஏதாவது எழுதி அனுப்பிவிடுவார்களோ என்று அவர்களுக்குப் பயம். எனக்கு அது தெரியாது. என் கணவன் விக்தரைப் பிடித்துப் பதினேழு நாள்தான் ஆகியிருந்தது. நான்கு வருடத்துக்கு முந்தைய ஊர்வலப் படம் ஒன்றில் அவன் முகம் தெரிந்ததாம். முதல் பார்சலோடு ஜன்னலுக்குப் போனேன். உள்ளே இருந்த பச்சைச் சீருடைப் பெண் மிட்டாய்ப் பையை அப்படியே திருப்பித் தள்ளினாள்.

"உரிச்சுக் கொண்டு வா. தேயிலையைப் பெட்டியில இருந்து எடுத்துப் பையில கொட்டு. அடுத்து!"

அழுதுகொண்டே பெஞ்சில் உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஒரு பெண், கேட்காமலேயே பையில் பாதியைத் தன் மடியில் கொட்டிக்கொண்டாள். அறுபதைத் தாண்டியிருப்பாள். தலையில் சாம்பல் நிறக் கம்பளித் தொப்பி. இரண்டு முனைகளையும் பிடித்து ஒரே இழுப்பு. மிட்டாய் பைக்குள், காகிதம் தரையில். நான் ஐந்து உரிப்பதற்குள் அவள் ஐம்பது முடித்திருந்தாள்.

"எப்படிக்கா இவ்வளவு வேகமா?" என்றேன்.

"மிட்டாய் ஃபாக்டரியில இருபத்தாறு வருஷம் இதுங்களுக்குச் சட்டை போட்டு விட்டேன். இப்ப கழட்டி விடறேன். பென்ஷன் வாங்கியும் வேலை விடமாட்டேங்குது."

லுத்விகாவை நான் அறிந்தது அப்படித்தான். ஸ்லோனிம் ஊர்க்காரி. காலை நாலே முக்கால் பஸ்ஸில் வந்திருந்தாள்.

அன்று அவள் முறை வந்தபோது நான் இன்னும் தேயிலையைக் கொட்டிக்கொண்டிருந்தேன். தம்பியின் பெயர், பிறந்த வருடம், தண்டனைப் பிரிவு எல்லாம் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தாள். ஜன்னல்காரி கணினியில் தேடினாள். வெகுநேரம் தேடினாள்.

"அவருக்குப் பார்சல் வாங்க உரிமை இல்லை. ஒழுங்கை மீறினவர். எடுத்துட்டுப் போ."

லுத்விகா திரும்பி நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு. பன்னிரண்டு கிலோ மூட்டையைத் தரையில் வைத்துவிட்டு, யார் என்றே தெரியாத என்னைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராக, "நல்ல சேதி", "அப்பாடா, கிடைச்சுட்டானா" என்றார்கள். ஒருத்தி சிலுவைக் குறி போட்டாள். எனக்கு இவர்களுக்கெல்லாம் பைத்தியமோ என்று தோன்றியது.

வாசலில் வைத்து அவளே விளக்கினாள். பிப்ரவரி மாதத்தோடு தம்பியிடமிருந்து கடிதம் நின்றுவிட்டது. அவன் தண்டனை அனுபவித்துவந்த முகாமுக்கு எழுதினால், "இங்கிருந்து மாற்றப்பட்டார்" என்று ஒரு வரி. எங்கே என்று இல்லை. வக்கீலுக்குத் தொழில் உரிமம் பறிபோய்விட்டது. ஒழுங்கை மீறியதாகச் சொல்லி முகாமிலிருந்து மாற்றுகிறவர்களை அடைக்கிற மூடிய சிறைகள் நாட்டில் மூன்று. அவள் ஒரே மூட்டையைத் தூக்கிக்கொண்டு மூன்றுக்கும் போனாள். முதல் இரண்டு இடத்தில், "அப்படி ஒருத்தர் எங்கள் பட்டியலில் இல்லை" என்றார்கள். இங்கே "உரிமை இல்லை" என்றார்கள்.

"இல்லாத ஆளுக்கு உரிமை இல்லைன்னு சொல்ல மாட்டாங்கல்ல? ஆள் இருந்தாத்தானே உரிமை இல்லாம போகும்?" என்றாள். "எட்டு மாசம், தாய்சா. எட்டு மாசமா அவன் உயிரோட இருக்கானான்னு எனக்குத் தெரியாது. இன்னிக்குத் தெரிஞ்சுது."

மறுக்கப்பட்ட மூட்டையிலிருந்து உப்பிட்ட பன்றிக்கொழுப்பையும் கறுப்பு ரொட்டியையும் எடுத்து வெட்டினாள். சிறைச் சுவருக்கு எதிரே நின்று இருவரும் தின்றோம்.

அந்தச் சுவர் ஜார் காலத்தது. ஜாரின் கழுகு, போலந்துக் கழுகு, சோவியத் சிவப்பு, ஜெர்மன்காரன் கொடி, மறுபடி சிவப்பு, பிறகு நான்கு வருடம் எங்கள் பெலருசிய வெள்ளை-சிவப்பு-வெள்ளை, இப்போது இந்த அரசின் சிவப்பு-பச்சை. உச்சியில் கொடி மாறிக்கொண்டே இருந்தது. பார்சல் ஜன்னல் மட்டும் இடம் மாறவில்லை. லுத்விகாவின் தாத்தா 1940-இல் இதே கட்டடத்தில் இருந்தார். அப்போதும் வாசலில் பெண்கள் மூட்டையோடு நின்றார்கள். மூட்டையை வாங்கிக்கொண்டால் ஆள் இருக்கிறான். வாங்காவிட்டால் மறுநாள் அடுத்த ஊர்ச் சிறை. ஒரு நாள் தாத்தாவின் மூட்டையை வாங்கவில்லை. அடுத்த ஊர்களிலும் வாங்கவில்லை. அவ்வளவுதான் அவரைப் பற்றி அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்தது.

லுத்விகா அரசியல் பேசுகிறவள் அல்ல. தேர்தல் என்றால் ஃபாக்டரியில் சொல்கிற நாளில் முன்கூட்டியே போய், சொல்கிற கட்டத்தில் குறி போட்டுவிட்டு வருவாள். அதை என்னிடம் அவள் மறைக்கவில்லை. "போனஸ் நாள்ல போடச் சொல்லுவாங்க, போடுவேன். கஸிக் அதுக்காக ரெண்டு மாசம் என்கூடப் பேசல" என்றாள்.

கஸிக் என்று அவள் அழைத்த கஸிமிர் அவளைவிடப் பதினொரு வயது இளையவன். அம்மா இறந்தபோது அவனுக்கு ஏழு வயது. இவள்தான் பள்ளிக்கு அனுப்பினாள், அடித்தாள், கால்சட்டை தைத்தாள். நிலம் அளக்கும் வேலைக்குப் போனான். அளக்கப் போன காட்டில், 1863-இல் ஜாரை எதிர்த்த கிளர்ச்சிக்காரர்களின் கல்லறைகள் இரண்டைக் கண்டுபிடித்தான். அதோடு அவன் மாறிப்போனான் என்பாள் லுத்விகா. வருடா வருடம் பத்து இருபது பேரைக் கூட்டிக்கொண்டு போய்ப் புதர் வெட்டுவான், மரச்சிலுவைக்கு எண்ணெய் பூசுவான், சிலுவையில் வெள்ளை-சிவப்பு-வெள்ளை நாடா கட்டுவான். வீட்டிலும் கடையிலும் அலுவலகத்திலும் நாட்டின் சொந்த மொழியான பெலருசிய மொழி மட்டுமே பேசுவான். அவளோ எல்லோரையும் போல ரஷ்ய மொழியும் பெலருசிய மொழியும் கலந்து பேசுகிறவள்.

"'வாங்க துரை, பேராசிரியரே, சூப் ஆறுது'ன்னு கிண்டல் பண்ணுவேன். 'மூணு முழ நாடாவுக்காக ஜெயிலுக்குப் போவியாடா'ன்னு கேட்பேன். 'அக்கா, நான் பட்டாளத்துல சத்தியம் பண்ணினதே அந்தக் கொடிக்குக் கீழதானே'ம்பான். உண்மைதான். தொண்ணூத்திரண்டுல அதுதான் அரசாங்கக் கொடி. அப்ப அதுக்கு சல்யூட் அடிக்கலைன்னா குத்தம். இப்ப கட்டினா குத்தம்."

நாடாவுக்கும், தேர்தலைப் பற்றி இணையத்தில் எழுதிய சில வரிகளுக்குமாகச் சேர்த்து ஐந்து வருடம் கொடுத்தார்கள். நீதிமன்றத்தில் அவன் பெலருசிய மொழியில் பேச, நீதிபதி மொழிபெயர்ப்பாளரை வரவழைக்கச் சொல்லி வழக்கை ஒரு வாரம் தள்ளி வைத்தார். லுத்விகா அதைச் சொல்லும்போதெல்லாம் ஒரு தடவை சிரிப்பாள்.

அக்டோபர் முழுக்க அவள் நன்றாக இருந்தாள். பார்சல் கொடுக்க வழியில்லாவிட்டாலும், பார்சல் நாளான வியாழக்கிழமைகளில் வந்துவிடுவாள். புதிதாக வருகிறவர்களுக்கு உரித்துக் கொடுப்பாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவன் இருக்கிறான் என்பது அவளுக்குப் போதுமாக இருந்தது.

நவம்பரில் ரயீசா ஒரு சேதி கொண்டுவந்தாள். ரயீசா பெரிய உடம்புக்காரி, சந்தையில் மீன் விற்கிறவள். மகன் விசாரணைக் கைதி. மனதில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாது அவளுக்கு.

"கிழக்கே இருந்து ஒருத்தி வருவாளே, பச்சைக் கோட்டு, ஞாபகம் இருக்கா? போன மாசம் இதே ஜன்னல்ல அவளுக்கு 'உரிமை இல்லை'ன்னாங்க. அப்ப அவ புருஷன் செத்துப் பதினோரு நாள் ஆயிருக்கு. தபால்ல காகிதம் பின்னால வந்துச்சாம். கணினியில பேரை எடுக்கலை, அவ்வளவுதான்."

சொல்லி முடித்த பிறகுதான் லுத்விகா நிற்பதைக் கவனித்தாள். "உன் தம்பியைச் சொல்லலடி" என்றாள். ஆனால் சொல்லியாகிவிட்டது.

லுத்விகா கையிலிருந்த மிட்டாயை உரிக்காமலேயே பைக்குள் போட்டாள். நான் எடுத்துக் கொடுத்தேன். அவள் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் தேடியது ஒன்றைத்தான்: அவன் கையெழுத்து. எங்களைப் போன்ற விசாரணைக் கைதிகளின் குடும்பத்துக்கு அது மாதாமாதம் கிடைக்கும். பார்சலில் என்னென்ன இருக்கிறது என்ற பட்டியலை இரண்டு பிரதி எழுத வேண்டும். ஒன்று அவர்களிடம் தங்கும். மற்றது சாமான்களோடு உள்ளே போகும். கைதி சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டதும் ஜன்னல் வழியாகத் திரும்பி வரும். கடிதம் வராத மாதங்களில் அந்த இரண்டாம் பிரதிதான் எங்களுக்குக் கடிதம். நான் விக்தரின் கையெழுத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டே வேலைக்குப் போவேன்.

கஸிமிருக்கு ரத்த அழுத்தம் உண்டு. மருந்துப் பார்சலுக்கு மட்டும் "உரிமை" பார்ப்பதில்லை, சிறை மருத்துவர் அனுமதித்தால் போதும். லுத்விகா விண்ணப்பித்தாள். மறுத்தார்கள். மறுபடி விண்ணப்பித்தாள். மூன்று தடவை. நான்காவதற்கு, ஒரு முறை மட்டும் என்று எழுதி, அனுமதி வந்தது.

டிசம்பர் பன்னிரண்டு, வியாழன். வாசலில் உறைபனி. வரிசையில் லுத்விகா, அவளுக்குப் பின்னால் ரயீசா, பிறகு நான், பிறகு இன்னும் ஒன்பது பேர். ஜன்னல் பன்னிரண்டு மணிக்கு மூடும்.

மருந்தை முதலில் வாங்குவார்கள் என்பதால் ஒன்பதரைக்கே அவள் கொடுத்துவிட்டு மறுபடி வரிசையில் நின்றாள். எங்களுக்கு முன்னால் நின்றவர்களின் மூட்டைகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. பதினொன்று இருபதுக்கு இரண்டாம் பிரதியை வாங்கிக்கொள்ளக் கூப்பிட்டார்கள். வாங்கிப் பார்த்தாள். நகரவில்லை.

"கையெழுத்து இல்லையே, பொண்ணு."

"முத்திரை இருக்கு பாரு. மருந்து வந்து சேர்ந்தாச்சு."

"முத்திரை உங்களுது. 'கைதியின் கையெழுத்து'ன்னு இங்க கோடு போட்டிருக்கு. கோடு காலியா இருக்கு."

"மருத்துவப் பிரிவுல வாங்கிக்கிட்டாங்க. அது போதும். நகரு. அடுத்து!"

"அவன் போடணும்."

ஜன்னல்காரி எட்டிப் பார்த்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். நகங்களுக்கு வெள்ளைச் சாயம் பூசியிருந்தாள். "ஏம்மா, உனக்குக் காது கேக்காதா?"

"கேக்குது. நீங்க சொன்னது கேக்குது. அவன் கையெழுத்து வேணும்."

சுவர்க் கடிகாரம் பதினொன்று இருபத்தைந்து. ரயீசா மூட்டையைத் தோளில் மாற்றினாள்.

"லுத்விகா, நகரு. அப்புறம் வந்து கேளு."

"அப்புறம் கிடையாது. ஒரு தடவைதான் அனுமதி."

"நீ நிக்கறது அவ ஜன்னல் முன்னால இல்லடி. என் மகன் சோத்துல நிக்கறே."

"தெரியுது ரயீசா."

"தெரிஞ்சா நகரு!"

"மாட்டேன்."

பின்னாலிருந்து ஒரு கிழவர், "நான் இருநூறு கிலோமீட்டர் தள்ளி இருந்து வரேன்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.  என் கையில் விக்தருக்கான காலுறைகள் இருந்தன, அவன் அறையில் குளிர் என்று எழுதியிருந்தான். லுத்விகா நகர்ந்தால் தேவலை என்றுதான் நான் நினைத்தேன். இதை இன்று எழுதுகிறபோதும் மாற்றிச் சொல்ல முடியாது.

ஜன்னல்காரி காவலரைக் கூப்பிட்டாள். ஐம்பது வயதுக்காரர் ஒருவர் கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

"என்னம்மா கலாட்டா? பதினஞ்சு நாள் உள்ள போடவா?"

"போடுங்க. நேர்லயே பார்த்துக்கறேன்."

வரிசையில் யாரோ குபீரென்று சிரித்துவிட்டார்கள். காவலருக்கும் வாய் கோணியது. காகிதத்தை அவள் கையிலிருந்து பிடுங்கிப் பார்த்தார். காலியான கோட்டைப் பார்த்தார். பிறகு, ஏன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது, காகிதத்தோடு உள்ளே போய்விட்டார்.

அவர் திரும்பும்வரை ஜன்னல்காரி யாரையும் கூப்பிடவில்லை. வேண்டுமென்றே ஜன்னலைச் சாத்திவிட்டுத் தேநீர் குடித்தாள், கண்ணாடி வழியாகத் தெரிந்தது. பதினொன்றரை. பதினொன்று நாற்பது.  ரயீசா மூட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டாள். லுத்விகா ஜன்னல் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றாள்.  இவ்வளவு நேரம் ஆகிறதே, கையெழுத்துப் போட ஆள் இல்லாததால்தானோ என்று எனக்கே தோன்றிவிட்டது. அவளுக்குத் தோன்றாமலா இருந்திருக்கும்?

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது காகிதம் வந்தது. ஜன்னல்காரி அதை வெளியே தள்ளினாள். "மணி ஆச்சு" என்று சொல்லிப் பலகையைப் போட்டாள். பதினோரு பேரும் மூட்டையோடு நின்றோம்.

லுத்விகா வெளிச்சத்துக்குப் போனாள். நானும் போனேன். நில அளவைக்காரனின் கையெழுத்து எப்படி இருக்கும் என்று அவள் முன்பே காட்டியிருக்கிறாள். வரைபடத்தில் ஊர்ப்பெயர் எழுதுவது போல, பொடியாக, நேராக. இது அப்படி இல்லை. எழுத்துகள் பெரிதாக, கோட்டைத் தாண்டி, சரிந்து கிடந்தன. ஓரிடத்தில் பேனா அழுந்திக் காகிதம் கிழிந்திருந்தது. பக்கத்தில் அதே நடுங்கும் கையால் தேதி.

"அவர்தானா அக்கா?"

அவள் வெகுநேரம் பார்த்தாள். கிழிந்த இடத்தை விரலால் தடவினாள்.

"அவன்தான். கடைசி எழுத்தோட வாலை மேல இழுப்பான். சின்ன வயசுல இருந்து. எவ்வளவு அடிச்சும் போகல." மூச்சை விட்டாள். "ஆனா இது இடது கையால போட்டது, தாய்சா. அவன் வலது கைக்காரன்."

வலது கைக்கு என்ன ஆயிற்று என்று கேட்க ஜன்னல் இல்லை. அவள் காகிதத்தை நான்காக மடித்து உள்சட்டையில் வைத்துக்கொண்டாள். சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. ரயீசா எங்களைக் கடந்து போகும்போது நின்றாள்.

"இருக்கானா?"

"இருக்கான்."

"சரி. என் மகனுக்கு இனி ஒரு வாரத்துக்குக் கொழுப்பும் இல்ல, வெங்காயமும் இல்ல" என்று சொல்லிவிட்டுப் பனியில் இறங்கிப் போனாள்.

அந்த ஒரு நாள் இழப்போடு முடிந்திருந்தால் எல்லோரும் மறந்திருப்பார்கள். புத்தாண்டு கழிந்து, ஜனவரி ஒன்பதாம் தேதி போனோம். மாதக் கடைசியில் தேர்தல் என்று பஸ் நிறுத்தமெங்கும் ஒட்டியிருந்தார்கள். பார்சல் அறையிலும் ஒரு புதிய காகிதம் ஒட்டியிருந்தது. இனிமேல் இரண்டாம் பிரதி திருப்பித் தரப்படாது. ஒரே பிரதி எழுதினால் போதும். கீழே வட்ட முத்திரை.

வருகிறவர்கள் ஒவ்வொருவரும் அதைப் படித்தார்கள். படித்துவிட்டு லுத்விகாவைப் பார்த்தார்கள். அவள் வழக்கமான பெஞ்சில், வழக்கமான தொப்பியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. நான் எதிர்ச் சுவர் ஓரமாக நின்றேன். விக்தரிடமிருந்து ஐந்து வாரமாகக் கடிதம் இல்லை. அன்று அவன் கையெழுத்து கிடைக்கும் என்று நாட்களை எண்ணிக்கொண்டிருந்தவள் நான்.

ரயீசாதான் வாய் திறந்தாள்.

"உனக்கு ஒண்ணு கிடைச்சுது. எங்க எல்லாருக்கும் இல்லாம போச்சு. சந்தோஷமா?"

"இல்ல."

"எந்த மூஞ்சியோட இங்க வந்து உக்காந்திருக்கே? உனக்குக் கொடுக்கப் பார்சல்கூட இல்ல. எதுக்கு வந்தே?"

"நான் வரலைன்னா யாரைத் திட்டுவீங்க? அந்தப் பொண்ணைத் திட்ட முடியுமா?"

யாரும் சிரிக்கவில்லை. லுத்விகாவும் சிரிக்கவில்லை.

"என்னாலதான் போச்சு, ரயீசா. இல்லைன்னு சொல்ல மாட்டேன். நான் நகர்ந்திருந்தா உன் மகன் கையெழுத்து இன்னிக்கு உன் கையில இருக்கும். ஆனா இன்னொரு தடவை அந்தக் காலிக் கோட்டைக் காட்டினாலும் நகர மாட்டேன். மன்னிச்சுடுன்னு கேட்டா பொய்யா இருக்கும். அதான் கேக்கல."

ரயீசா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். கை மூட்டையின் கயிற்றை முறுக்கிக்கொண்டிருந்தது.

"நானா இருந்தாலும் நகர்ந்திருக்க மாட்டேன், நாசமாப் போறவளே" என்றாள் கடைசியில். "அதுக்காக உன்னை மன்னிச்சுட்டேன்னு நினைக்காதே." ஆனால் தன் மிட்டாய்ப் பையை அவள் மடியில் விட்டெறிந்தாள். லுத்விகா உரிக்கத் தொடங்கினாள்.

என் பார்சலை வாங்கிக்கொண்டார்கள். பட்டியலின் ஒரே பிரதியும் உள்ளே போயிற்று. வெறும் கையோடு வெளியே வந்தேன். அவள் வாசலில் நின்றிருந்தாள்.

"வாங்கிக்கிட்டாங்களா?"

"வாங்கிக்கிட்டாங்க."

"அப்ப இருக்கார்" என்றாள். அந்தப் பச்சைக் கோட்டுக்காரியை இருவரும் நினைத்தோம். இருவரும் அவள் பெயரை எடுக்கவில்லை.

பஸ் நிறுத்தம்வரை சேர்ந்தே நடந்தோம். ஒரு மாதமாக அவளோடு பேசவில்லை நான்.  தம்பியின் கை எப்படி இருக்கிறதாம், ஏதாவது தெரிந்ததா என்று கேட்டேன். மருந்துக்கு மறுபடி விண்ணப்பித்ததாகவும், மறுத்துவிட்டதாகவும், மறுபடி எழுதியிருப்பதாகவும் சொன்னாள். பஸ்ஸில் ஏறும் முன் உள்சட்டையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்துப் பிரித்தாள். மடிப்புகளில் நைந்துபோயிருந்தது.

"இதைத் தினமும் எடுத்துப் பார்க்கறேன். டிசம்பர் பன்னிரண்டாம் தேதி உயிரோட இருந்தான். அதுவரைக்கும் எனக்குத் தெரியும்." தேதியின் மேல் விரலை வைத்துக்கொண்டாள். "இன்னிக்கு ஒன்பது. இருபத்தெட்டு நாள் ஆச்சு, தாய்சா."